சுண்டுவிரலுக்கு ஒரு திதி

1

இன்று என் இடதுகால் சுண்டுவிரலுக்குத் திதி.

சிரிக்காமல் கேளுங்கள். ஊரில் இருக்கிற உங்களுக்குத் திதி கொடுக்க அப்பன், பாட்டன் என்று வரிசையாக ஆள் இருக்கிறார்கள். கப்பலேறி வந்து ஈப்போவில் காப்பிக்கடை போட்ட எனக்கு, இந்த மண்ணுக்குள் போன சொந்தம் அந்த ஒரு விரல்தான். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எந்த மரத்தடியில் போட்டார்களோ, தெரியாது. ‘கருப்பையா மலாயாவில் காலூன்றிவிட்டான்’ என்று ஊரில் யாரோ பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். முழுக்கால் இன்னும் ஊன்றவில்லை. விரல் அளவுக்குத்தான் ஊன்றியிருக்கிறேன்.

வருசா வருசம் இந்த நாளில் என் மனைவி செல்லம்மா உளுந்தவடை சுட்டு வாழையிலையில் வைத்து, “இந்தாங்க, ஒங்க வெரலுக்கு” என்று நீட்டுவாள். பாயசம் கிடையாது. விரல் போனதே பாயசம் மாதிரியான சமாசாரங்களால்தான்; கொலை செய்தவனையே திதிக்குக் கூப்பிடுவது முறையில்லை என்பது அவள் கட்சி.

வடைக்கு முன்னால் தினப்படி பூசை ஒன்று உண்டு. காலையில் கடை திறக்குமுன் நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் இன்னொரு முக்காலியில் நீட்டுவேன். என் மகள் பாக்கியம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து என் உள்ளங்காலுக்கு நேரே பிடிப்பாள். உலகத்தில் எல்லோரும் காலையில் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் உள்ளங்காலைப் பார்க்கிறேன். இரண்டில் எது லட்சணம் என்று கேட்டால் செல்லம்மா பதில் சொல்லமாட்டாள்.

வெடிப்பு இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா, விரலிடுக்கில் ஈரம் நின்று வெளுத்திருக்கிறதா, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்த்து முடிந்ததும் சப்பாத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டவேண்டும். சப்பாத்து என்றால் பூட்ஸ். இந்த நாட்டில் அதற்கு அப்படித்தான் பேர். இன்று காலை பாக்கியம் தட்டினபோது ‘டிங்’ என்று ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தால், பால் டின் திறக்கும்போது தெறித்த தகரத் துணுக்கு. கத்தி போலிருந்தது.

“இதப் போட்டுக்கிட்டு நாளெல்லாம் நடந்திருப்பீங்களாப்பா?”

“நடந்திருப்பேன்.”

“வலிக்காதா?”

“வலிச்சா ஒன்னய எதுக்குக் கண்ணாடி புடிக்கச் சொல்றேன்?”

அவள் துணுக்கைக் குப்பையில் போட்டுவிட்டுத் தன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சப்பாத்து இல்லாமல் போனால் அங்கே முட்டிபோடச் சொல்வார்களாம். அவள் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். சப்பாத்து போட்டு நடந்தால் முட்டிபோடச் சொல்லும் ஊரிலிருந்து அல்லவா நான் வந்தேன்.

அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஊர்ப் பேரை எழுதவில்லை. திருப்பரங்குன்றம் ஸ்டேஷனில் இறங்கித் தெற்கே நடக்கவேண்டும் என்ற அளவோடு விட்டுவிடுகிறேன். அதற்குமேல் சொன்னால் என் தங்கை புருசனுக்கு வேலை போய்விடும்.

2

முதலில் விரல் போன வரலாறு.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தோட்டத்தில் ரப்பர்ப்பால் வெட்டினேன். அந்தப் பாலைக் குடிக்க முடியாது. அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. பிறகு டவுனுக்கு வந்து காப்பிக்கடை போட்டேன். இங்கே காப்பிக்கு டின் பால். சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சி, கரண்டியிலிருந்து விழுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விழும் பால். கருப்பட்டித் துண்டு கிடைத்தாலே திருவிழா என்று வளர்ந்தவன் கையில் அந்த டின்னையும் ஒரு கரண்டியையும் கொடுத்தால் என்ன ஆகும்? வாடிக்கைக்காரர் காப்பிக்கு ஒரு கரண்டி, வேலை பார்த்த களைப்புக்கு எனக்கு ஒரு கரண்டி. கடையில் வாடிக்கைக்காரர்கள் பல பேர். ஆனால் களைப்பு எனக்கு ஒருவனுக்குத்தானே.

தாகம் எடுத்தது. குடத்தைக் கவிழ்த்துக் குடித்தேன். குடித்ததெல்லாம் போகவேண்டிய வழியில் போயிற்று. கடைக்குப் பின்னால் நான் ஒதுங்கும் இடத்தில் எறும்பு சாரைசாரையாக வந்தது. பக்கத்துத் துணிக்கடை ராவுத்தர் மதுரை டவுன்காரர். அவர்தான் முதலில் கவனித்தார்.

“ஏண்ணே, ஒங்க கடைக்கு முன்வாசல்ல வர்ற கூட்டத்தவிடப் பின்வாசல்ல கூட்டம் சாஸ்தியா இருக்கே.”

“கைராசி பாய்” என்றேன்.

அதை இங்கே ‘இனிப்பு நீர்’ என்பார்கள். நம்மூரில் நீரிழிவு. பேர்கூட இனிப்பாக இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். பாதத்தில் முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருந்தது. வசதி வந்தால் தரைகூட மெத்தை மாதிரி இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்த மெத்தையும் தெரியவில்லை.

ஒருநாள் அடுப்படியில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறேன். ராவுத்தர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தார்.

“என்னண்ணே, காப்பிக்கடையில கருவாடு சுடுறீங்க?”

“நான் எங்க பாய் சுடுறேன்? ஒங்க வீட்டுலருந்து வருதுன்னுல்ல நெனச்சேன்.”

இரண்டு பேரும் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து குனிந்தோம். அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த கங்கின்மேல் என் இடதுகால் சாவகாசமாக நின்றிருந்தது.

அத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் விரல் பிழைத்திருக்கும். நான் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, துணியை இறுக்கிக் கட்டி, வலியில்லாததால் சரியாகிவிட்டது என்று தீர்மானித்துக் காப்பி ஆற்றப் போய்விட்டேன். கட்டைப் பிரித்த அன்று விரல் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெள்ளைக்காரர். அவர் சொல்வதை எனக்குப் புரியவைத்தவர் புண்ணுக்குக் கட்டுப்போடும் யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவர். அவர் என் சிறுநீரில் நீல மருந்தை ஊற்றி விளக்கில் காய்ச்சினார். செங்கல் நிறமாயிற்று. அப்படி மாறினால் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

“ஐசே, இது உமக்கு நோகேல்லையோ?”

“நோகலைங்க. அதான் நல்லாருக்குன்னு இருந்தேன்.”

“நோகாததுதான் வியாதி. மற்ற ஆக்களின்ர காலுக்கு நோவு எண்டு ஒரு காவல்காரன் இருக்கிறான். உம்முடைய காவல்காரன் ஓடிப்போட்டான். இனி நீர்தான் காவல் இருக்க வேணும்.”

அன்று விரலை எடுத்தார்கள். பார்க்கவந்த ராவுத்தர் கட்டிலில் உட்கார்ந்து, “கவலப்படாதீங்கண்ணே, ஒங்களுக்கு முன்னாடியே போயி எடம் புடிச்சு வச்சிருக்கும்” என்று ஆறுதல் சொன்னார்.

3

டிரஸ்ஸர் என்னைச் சும்மா விடவில்லை. வாசலைத் தாண்டும் வரை பாடம். வெறுங்காலோடு ஓர் அடி வைக்கக்கூடாது, வீட்டுக்குள்கூட. கால் கழுவும் தண்ணீரின் சூட்டை முழங்கையை விட்டுப் பார்க்கவேண்டும், காலை விட்டுப் பார்க்கக்கூடாது. கால் பொய் சொல்லும். கழுவினால் விரலிடுக்கெல்லாம் ஒற்றித் துடைக்கவேண்டும். நகத்தை நேராக வெட்டவேண்டும், மூலையில் குடையக்கூடாது. காலாணி வந்தால் பிளேடு எடுக்கக்கூடாது. வெந்நீர் ஒத்தடம் ஆகவே ஆகாது. பீடி ஆகாது; அது காலுக்குப் போகிற ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். சின்னக் கீறல் என்றாலும் வீட்டு வைத்தியம் செய்யாமல் தன்னிடம் வந்துவிடவேண்டும்.

“ஒரு விரலோட போச்சு எண்டு சந்தோசப்படும். அடுத்ததாப் பாதம் கேக்கும், பிறகு கால் கேக்கும்.”

ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யலாம், காப்பி ஆற்ற முடியுமா? அன்று முதல் அவர் சொன்னதையெல்லாம் செய்துவருகிறேன். பீடியை விட்டது பெரிய கதை. அதைச் சொன்னால் மறுபடி பிடிக்க ஆசை வரும்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போது ஊரில் தங்கை மகள் வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? கடையைச் செல்லம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். கப்பல் ஆபீசில் அங்க அடையாளம் கேட்டார்கள். இடதுகால் சுண்டுவிரல் இல்லை என்றேன். குமாஸ்தா நம்பவில்லை. சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்.

“எங்கே காணாமல் போச்சு?”

“இங்கதாங்க. ஈப்போவுல.”

“வரும்போது இருந்ததா?”

“இருந்துச்சுங்க.”

பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். வரும்போது கொண்டுவந்த பொருளைத் திரும்பக் கொண்டுபோகாததற்கு என்ன விதி என்று பார்த்தாரோ என்னவோ.

4

திருப்பரங்குன்றம் ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிப்போகத் தங்கை புருசன் சோலை வந்திருந்தான். சித்திரை வெயில். அவன் வெறுங்காலோடு தண்டவாளக் கல்மேல் குதித்துக் குதித்து வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டான். வாங்கினவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தான்.

“மச்சான், இத எம்புட்டுத் தூரத்துக்குப் போட்டு வருவீங்க?”

“ஏன் மாப்ள, வீடு வரைக்குந்தேன்.”

“புளியமரம் வரைக்கும் போடுங்க” என்றான்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் எங்கள் சனம் இருக்கும் தெரு கடைசியில் இருக்கிறது. அதற்குப் போக மேலத்தெருவைத் தாண்டவேண்டும், வேறு வழி கிடையாது. மேலத்தெரு முனையில் ஒரு புளியமரம். அந்த மரம் வந்ததும் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து, தெரு முடிந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டும். கக்கத்துக்குச் செருப்பு போட்ட சனம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். வழியெல்லாம் கொதிமணலும் கருவேலமுள்ளும்.

அன்று பொழுது சாயும்வரை மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்து, மணல் ஆறின பிறகு, காலைத் துணியால் சுற்றிக்கொண்டு எப்படியோ வீடு போய்ச் சேர்ந்தேன். முள் ஏதாவது தைத்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். என் அதிர்ஷ்டம், ஒன்றுமில்லை.

ஆனால் தினமும் அதிர்ஷ்டத்தை நம்பி நடக்க முடியாது. மறுநாளே அடுத்த சிக்கல். எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பாக்கு மேலத்தெருப் பெரிய வீட்டுக்கு வைக்கவேண்டும்; சோலை உழுகிற வயல் அவர்களுடையது. தாய்மாமன்தான் தட்டை ஏந்திப் போகவேண்டும். உச்சிவெயிலில்தான் அவர்கள் வரச்சொல்லியிருந்தார்கள்.

“காலு போயிரும் மாப்ள. டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காரு.”

“ஒங்களுக்குக் காலு போகும், எனக்கு வயலு போகும். சப்பாத்தோட போனீங்கன்னா கல்யாணப் பந்தல நாம போட வேணாம், அவுகளே வந்து பிரிச்சுருவாக.”

அவன் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. என் தங்கை இருளாயி அடுப்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் காலா, மகள் கல்யாணமா என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவள் என்ன பதில் சொல்வாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பெட்டியில் தோட்டத்து ரப்பர்த் தகடு ஒன்று இருந்தது. ‘இதைத்தான் நாங்கள் மரத்திலிருந்து எடுக்கிறோம்’ என்று ஊர்க்காரர்களிடம் பெருமையடிக்கக் கொண்டுவந்தது. அதை மடித்து, இரண்டு பாதத்தின் அளவுக்கும் அரிவாளால் வெட்டினேன். உள்ளே பழைய வேட்டியை மெத்தென்று மடித்து வைத்தேன். காலை அதன்மேல் வைத்து, கீழிருந்து மேலாக வெள்ளைத் துணியால் சுற்றிச் சுற்றி, இறுக்காமல் கட்டினேன். பார்த்தால் பெரிய புண்ணுக்குப் பெரிய கட்டு.

சோலை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

“இது செருப்புல்ல?”

“கட்டு மாப்ள.”

“அடியில என்ன இருக்கு?”

“அடியப் பாக்குறதுக்கு அவுக குனியணும். அவுக என்னைக்குக் குனிஞ்சிருக்காக?”

5

பெரிய வீட்டு ஐயா வாசல் பந்தலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலில் தடித்த தோல்செருப்பு, நடந்தால் வண்டி அச்சு மாதிரி சத்தம் போடும் ரகம். பக்கத்தில் அவர் மகன், கையில் கம்போடு. நானும் சோலையும் துண்டை இடுப்பில் கட்டி, தலையைக் குனிந்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டி நின்றோம். அந்த வாசலில் நாங்கள் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. ஐயாவின் முகத்தைவிட அவர் கால்தான் எங்களுக்கு அதிகப் பழக்கம்.

“என்னடா கருப்பையா, மலாயாவுல பவுனு காய்க்குதாமே?”

“ரப்பருதாங்க ஐயா காய்க்குது.”

“காலுல என்னடா மூட்டை?”

“கட்டுங்க. சக்கர வியாதி.”

“ரெண்டு காலுக்குமா?”

“ஒண்ணுக்குப் போட்டா இன்னொண்ணு கோவிச்சுக்கிருதுங்க.”

ஐயா சிரித்தார். பிறகு என்னவோ உறைத்தது.

“ஏண்டா, எனக்கும் அந்த எழவுதான்னு டவுன் டாக்டரு சொல்றாரு. அது வசதிக்காரனுக்கு வர்றதாச்சே. ஒனக்கு எப்படிடா வந்துச்சு?”

“தெரியாம வந்துருச்சுங்க ஐயா.”

என்னை மன்னித்துவிட்டவர் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, தொழுவத்துப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து நடந்தார். செருப்பு சத்தம் போட்டது. நான் குனிந்த தலை குனிந்தபடி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். புழுதியில் அவர் இடது குதிகால் பதிந்த இடமெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்த அடியிலும் ஒரு பொட்டு. அவர் நொண்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, மகனிடம் வைக்கோல் விலையைப் பேசிக்கொண்டே போனார்.

எனக்குக் கருவாட்டு வாசனை ஞாபகம் வந்துவிட்டது. வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

“ஐயா, செருப்பக் கழட்டுங்க.”

சோலை என் துண்டு முனையைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பிடிக்கவா, தான் விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை. ஐயா மெதுவாகத் திரும்பினார்.

“என்னடா சொன்ன?”

“செருப்பக் கழட்டுங்க ஐயா. எடதுகாலு.”

அந்தத் தெருவில் அந்த வார்த்தை எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. அது எங்களிடமிருந்து அவர்களுக்குப் போனது அதுதான் முதல் தடவை. மகன் கம்பை மாற்றிப் பிடித்தான். நான் புழுதியைக் கையால் காட்டினேன். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஆமாம், குனிந்துதான் பார்த்தார்கள்.

ஐயா வலது செருப்பை உதறினார், விழுந்தது. இடதை உதறினார், விழவில்லை. காலைத் தூக்கினார், செருப்பும் கூடவே வந்தது. மகன் பிடித்து இழுத்ததும் ‘சடக்’ என்று கழன்றது. செருப்பின் அடியாணி ஒன்று உள்பக்கமாக ஏறி, துருப்பிடித்து, நெட்டுக்குத்தாக நின்றது. எத்தனை நாளாக அதன்மேல் நடக்கிறாரோ. குதிகாலில் குழி. சுற்றிலும் கறுத்திருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேடா” என்றார் ஐயா. அந்தக் குரலில் பெரிய வீடு இல்லை.

மகன் உள்ளே பார்த்து வெந்நீர் ஒத்தடத்துக்குக் குரல் கொடுத்தான். யாரோ மஞ்சளும் சுண்ணாம்பும் எடுக்க ஓடினார்கள்.

“வேணாங்க. வெந்நி ஆகாதுங்க. சுண்ணாம்பும் ஆகாதுங்க. ஆறவச்ச தண்ணியில கழுவி, சுத்தமான துணிய லேசாச் சுத்தி, காலத் தரையில ஊன்ற விடாம மதுர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இப்பவே.”

“நீ யார்ரா சொல்றதுக்கு?” என்றான் மகன்.

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது துணிக்குள் இருந்தது. பிரித்தால் என் குட்டும் வெளிப்படும். சோலை என்னையே பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். எனக்கும் பயம்தான். ஆனால் அந்தக் குழியை வைத்துக்கொண்டு ஐயா ஒத்தடம் கொடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அந்தப் பந்தலில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். நாலு விரல் தெரிந்தது. ரப்பர்த் தகடு ‘தொப்’ என்று ஐயாவின் காலடியில் விழுந்தது.

ஐயா முதலில் விரல்களைப் பார்த்தார்.

“அஞ்சாவது எங்கடா?”

“மஞ்சளும் சுண்ணாம்பும் தின்னுருச்சுங்க.”

பிறகு தகட்டைப் பார்த்தார்.

“இது என்னடா?”

“கட்டுங்க.”

“கட்டுக்கு அடியில?”

“கட்டுக்குக் கட்டுங்க.”

வெகுநேரம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், தலையைக் குனிய மறந்துபோயிருந்தேன். கடைசியில் மகனிடம், “வண்டியப் பூட்டு” என்றார். என்னிடம், “ஒன்னய வந்து பேசிக்கிறேன்” என்றார்.

6

‘வந்து பேசிக்கிறேன்’ என்பதை ஒரு மனுசன் எத்தனை விதமாக அர்த்தம் பண்ணலாம் என்பதைச் சோலை அடுத்த நாட்களில் எனக்குக் காட்டினான். சாப்பிடும்போது ஒரு அர்த்தம் சொல்வான், படுக்கும்போது இன்னொன்று. எல்லாமே பந்தலைப் பிரிப்பதில் போய் முடிந்தன. ஐயா ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் தப்பினால் நாங்களும் தப்புவோம், கால் போனால் மலாயாக்காரன் வாய் வைத்ததால் போயிற்று என்று ஆகிவிடும். ஆக, நான் காவல் காக்கவேண்டிய கால்கள் மூன்றாகிவிட்டன.

வைகாசித் திருவிழாவுக்கு முந்தின வாரம் வண்டி திரும்பி வந்தது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். சோலை விபூதி பூசி என்னை அனுப்பிவைத்தான்.

ஐயா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் இருந்தது. சீழை எடுத்துச் சுத்தம் செய்து கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் வாடியிருந்தது.

“டேய், வெறுங்காலத் தரையில வைக்கக் கூடாதுங்கிறான் டாக்டரு. கோயில்ல மொத மரியாத எனக்கு. செருப்புப் போட்டுக்கிட்டு உள்ள போக முடியுமா? கல்லு கொதிக்கும். நான் போகலைன்னா மேலவீட்டுக்காரன் வாங்கிட்டுப் போயிருவான்.”

“ஆமாங்க.”

“அன்னைக்கி ஒன்னு கட்டியிருந்தியே.”

“கட்டுங்களா?”

“அதான். கட்டு.”

மீதமிருந்த ரப்பர்த் தகட்டில் அவருக்கு அளவெடுத்து, உள்ளே பஞ்சு வைத்து, புண் இருக்கும் இடத்தில் அழுத்தாதபடி குழித்து வெட்டிக் கொடுத்தேன். திருவிழாவில் அதைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். மேலவீட்டுக்காரர் விடுவாரா? “அடியில ரப்பர் இருக்கு, அது செருப்புதான்” என்று கூட்டத்தில் கிளப்பிவிட்டார். ஐயா ஊர்ச்சபை முன்னால் கைத்தடியைத் தட்டிச் சொன்னார்:

“சுகமில்லாத காலுக்குப் போடுறது கட்டு. அடியில ரப்பர் இருந்தாலும் கட்டு, இரும்பு இருந்தாலும் கட்டு. கட்டு செருப்பாகாது. இது இந்த ஊர்ல எந்தக் காலுக்கும் பொதுத் தீர்ப்பு.”

சபை ஒப்புக்கொண்டது. ஐயா உள்ளே போய் முதல் மரியாதையை வாங்கிக்கொண்டார். வெளியே எட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ‘எந்தக் காலுக்கும்’ என்றாரே, அதைச் சோலைதான் இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப்பார்த்தான்.

மறுநாளே அவன் மதுரைக்குப் போய் மோட்டார் வண்டியின் தேய்ந்த டயர்களை உருட்டிக்கொண்டு வந்தான். எங்கள் தெருவே பட்டறையானது. அரிவாளும் உளியும் வைத்து வெட்டினோம். பழைய வேட்டி, சேலை எல்லாம் நாடாவாயிற்று. நானும் சும்மா கட்டிக் கொடுக்கவில்லை; ஒவ்வொரு காலையும் கழுவி, துடைத்து, உள்ளங்காலைப் பார்த்த பிறகுதான் அளவெடுத்தேன். இதுவரை யாரும் பார்க்காத கால்கள் அவை. உடைந்த முள் உள்ளேயே புதைந்த கால்கள், விரல் நுழைகிற அளவு வெடித்த குதிகால்கள். இரண்டு பேருக்கு என்னைப்போலவே தொட்டது தெரியவில்லை. அவர்களைக் கையோடு மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்க, தாய்மாமன் சீரோடு நாங்கள் மேலத்தெரு வழியாகப் போனோம். முன்னால் மேளம். பின்னால் நான், சோலை, இருளாயி, எங்கள் தெரு ஆண், பெண் அத்தனை பேரும். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர் காலிலும் வெள்ளைக் கட்டு. அந்த முகூர்த்தத்தில் எங்கள் தெருவில் சுகமான காலே கிடையாது. புளியமரம் வந்தது. நாங்கள் நிற்கவில்லை.

சோலை தலையை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

“என்ன மாப்ள தேடுற?”

“இல்ல மச்சான், முள்ளப் பாத்துப் பாத்தே நடந்தேனா, இந்தத் தெருவுல வீட்டுக்கெல்லாம் மாடி இருக்கிறது இன்னைக்குத்தேன் தெரியுது.”

மேளத்தை மீறி என் காதில் விழுந்தது அதுதான். கொஞ்ச தூரம் நானும் அந்த மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பெரிய வீட்டு வாசலில் ஐயா கட்டிலில் உட்கார்ந்து, முதல் கட்டிலிருந்து கடைசிக் கட்டு வரை நிதானமாகப் பார்த்தார். அவர் காலிலும் அதே கட்டு. மகன் எழுந்தான். அவனைக் கையால் அமர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏண்டா கருப்பையா, நம்ம ஊர்ல இம்புட்டுப் பேருக்கா சக்கர வியாதி?”

“ஒங்ககிட்ட இருந்துதாங்க ஐயா தொத்திக்கிருச்சு.”

அவர் சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஆனால் சொன்ன தீர்ப்பை மாற்றினால் அடுத்த வருசம் முதல் மரியாதை போய்விடும். வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “போங்கடா, முகூர்த்தம் தப்பிரும்” என்றார்.

7

சாயங்காலம் பாக்கியம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தாள். திதி வடையைத் தின்றுகொண்டே இந்தக் கதையைக் கேட்டாள். அவளுக்குப் பாதி விளங்கவில்லை. மணலில் நடக்கிறவர்கள் சப்பாத்து போட்டால் யாருக்கு என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்கு விளக்கம் சொல்ல முயன்று எனக்கே விளங்காமல் போயிற்று, விட்டுவிட்டேன்.

கண்ணாடியை எடுத்து ஆணியில் மாட்டினவள் திரும்பிக் கேட்டாள்.

“அப்போ அவங்க கட்ட எப்பப்பா அவுத்தாங்க?”

“எங்க அவுத்தாங்க? புண்ணு ஆறினாத்தான அவுக்கணும். ஒங்க மாமன் போன மாசங்கூட எழுதியிருந்தான். எங்க தெருவுல இன்னும் ஒருத்தருக்கும் ஆறலையாம்.”